எடை குறைந்த கிட் கார்களுக்கான சுருள்வில், அதிர்வுத் தணிப்பான் தெரிவு

கிட் கார் என்பது, உதிரிப் பாகங்களின் தொகுதியாக விற்கப்பட்டு, வாங்குபவராலேயே ஒன்றுசேர்த்துக் கட்டப்படும் தானுந்து ஆகும். இத்தகைய வண்டிக்கு ஏற்ற சுருள்வில்லையும் அதிர்வுத் தணிப்பானையும் தெரிவு செய்வது, அதைக் கட்டுபவர் எடுக்க வேண்டிய முக்கியமான பொறியியல் முடிவுகளுள் ஒன்று. பொதுவழக்கில் இவை முறையே ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் என அழைக்கப்படுகின்றன. தொழிற்சாலையில் உருவாகும் தானுந்துகளுக்கு இப்பாகங்களை ஒரு பொறியாளர் குழு பல மாதங்கள் சோதித்துத் தீர்மானிக்கிறது. கிட் காரில் அப்பொறுப்பு பெரும்பாலும் கட்டுபவரையே சேர்கிறது. தெரிவு தவறினால் வண்டி குலுங்குவது மட்டுமன்றி, டயர் சாலையை விட்டு எழும்பி, வளைவுகளிலும் தடை போடும்போதும் பிடிப்பை இழக்கக்கூடும்.

இக்கட்டுரை, ஏறத்தாழ 500 முதல் 700 கிகி வரை நிறை கொண்ட இரு இருக்கைக் கிட் கார்களுக்கு இத்தெரிவு எவ்வாறு செய்யப்படுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குடன் விளக்குகிறது.

பின்னணி

கிட் கார்கள் பிரித்தானியாவில் மிகுதியாக வளர்ந்தமைக்கு வரிமுறை ஒரு முக்கிய காரணம். அங்கு முழுமையான புதிய தானுந்துகள் மீது விற்பனை வரி விதிக்கப்பட்டது; பாகங்களாக வாங்கி வீட்டில் கட்டப்பட்ட வண்டிகளுக்கு அவ்வரி பொருந்தவில்லை. காலின் சாப்மன் வடிவமைத்து 1957 இல் அறிமுகமான லோட்டஸ் செவன் இவ்வகையில் புகழ்பெற்றது. எடையைக் குறைத்தால் சிறிய இயந்திரத்தைக் கொண்டே நல்ல வேகத்தையும் திருப்பத்தையும் பெறலாம் என்பதே அதன் வடிவமைப்பின் அடிப்படை. 1973 இல் அவ்வரி நீக்கப்பட்டு மதிப்புக் கூட்டு வரி நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் செவன் வடிவமைப்பின் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்திடம் சென்றது.

1996 இல் ரான் சாம்பியன் எழுதிய நூல் ஒன்று, பழைய ஃபோர்டு எஸ்கார்ட் தானுந்தின் பாகங்களைக் கொண்டு இதே பாணி வண்டியை மிகக் குறைந்த செலவில் வீட்டிலேயே கட்டும் வழியை விளக்கியது. இவ்வகை வண்டிகள் லோகாஸ்ட் என்று அழைக்கப்படலாயின. இவற்றுக்கு இயந்திரம், பின்னச்சு, தடைகள் ஆகியவற்றை அளிக்கும் பழைய வண்டி ‘கொடை வண்டி’ எனப்படுகிறது.

பிரித்தானியாவில் தனியாள் கட்டிய தானுந்துகள் சாலைக்கு வருமுன் தனி ஆய்வுக்கு உட்பட வேண்டும் என்ற விதி 1998 இல் வந்தது. 2009 இல் அதற்கு மாற்றாக விரிவான புதிய ஆய்வுமுறை அறிமுகமானது. எனினும் ஆய்வில் தேறுவதும், வண்டியின் தொங்கல் அமைப்பு சரியாகப் பொருந்தியிருப்பதும் ஒன்றல்ல. விறைப்பு பொருந்தாத வண்டியும் ஆய்வில் தேறிவிடலாம்.

பாகங்களும் அவற்றின் பணிகளும்

சுருள்வில்

சுருள்வில் வண்டியின் எடையைத் தாங்குகிறது. சக்கரம் மேடேறும்போது அமுங்கி ஆற்றலைச் சேமித்துப் பின் திருப்பித் தருகிறது. அதன் அமுக்கம், விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது இராபர்ட் ஹூக் 1678 இல் வெளியிட்ட விதியாகும். ஒரு மில்லிமீட்டர் அமுக்கத் தேவைப்படும் விசை அதன் விறைப்பு அல்லது சுருள்மாறிலி எனப்படும். இது நியூட்டன்/மிமீ என்ற அலகில் அளக்கப்படுகிறது. பிரித்தானிய, அமெரிக்கச் சந்தைகளில் பவுண்டு/அங்குலம் என்ற அலகு வழக்கிலுள்ளது. ஒரு நியூட்டன்/மிமீ என்பது ஏறத்தாழ 5.71 பவுண்டு/அங்குலத்துக்குச் சமம்.

சுருள்வில்லின் விறைப்பு, கம்பித் தடிமனின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்திலும், சுருளின் சராசரி விட்டத்தின் மும்மடிக்கும் செயற்படும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கும் எதிர்விகிதத்திலும் அமையும். எனவே விட்டம் மாறாமல் கம்பி 10% தடித்தாலே விறைப்பு ஏறத்தாழ 46% கூடிவிடும். சுருள்வில்லின் ஒரு பகுதியை வெட்டி நீக்கினால் சுற்றுகள் குறைவதால் அது குட்டையாவதோடு விறைப்பும் கூடும்.

அதிர்வுத் தணிப்பான்

சுருள்வில் மட்டும் இருந்தால், ஒரு மேட்டைக் கடந்த வண்டி நெடுநேரம் மேலும் கீழும் ஆடிக்கொண்டேயிருக்கும். அந்த ஆற்றலை வெப்பமாக மாற்றி ஆட்டத்தை அடக்குவது அதிர்வுத் தணிப்பானின் பணி. பெயரில் அதிர்ச்சியை ஏற்பது போலத் தோன்றினாலும், மேட்டின் தாக்கத்தை முதலில் ஏற்பது சுருள்வில்லே.

20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உராய்வுத் தட்டுகளைக் கொண்ட தணிப்பான்கள் பயன்பட்டன. பின்னர் எண்ணெய் சிறு துளைகள், வால்வுகள் வழியே பிதுங்கிச் செல்லும்போது ஏற்படும் தடையைப் பயன்படுத்தும் வகைகள் நிலைபெற்றன. இன்று இரண்டு அமைப்புகள் பரவலாக உள்ளன.

இரட்டைக் குழாய் வகை: உட்குழாயில் பிஸ்டன் இயங்கும், வெளிக்குழாய் எண்ணெய்த் தேக்கமாகச் செயல்படும். விலை குறைவு. தொடர்ந்த கடும் பயன்பாட்டில் எண்ணெயில் நுரை தோன்றித் தணிப்புக் குறையலாம்.

ஒற்றைக் குழாய் வகை: ஒரே குழாயில் எண்ணெயும், மிதக்கும் பிஸ்டனால் பிரிக்கப்பட்ட உயரழுத்த நைட்ரசன் வளிமமும் இருக்கும். பிரான்சின் கிறித்தியான் பூர்சியே த கார்போன் 1950களில் இதனை வளர்த்தெடுத்தார். வெப்பம் எளிதில் வெளியேறும். நுரை தோன்றுவது குறைவு. வளிம அழுத்தம் பிஸ்டன் தண்டை வெளியே தள்ளுவதால், வண்டியின் உயரத்தைச் சற்றே கூட்டும்.

கிட் கார்களில் பெரும்பாலும் தணிப்பானைச் சுற்றியே சுருள்வில் பொருத்தப்பட்ட கூட்டமைப்பு பயன்படுகிறது. இதில் சுருள்வில் அமரும் கீழ்த்தட்டு மரைகொண்ட வளையமாக இருப்பதால், அதைத் திருகி வண்டியின் உயரத்தைச் சரிசெய்யலாம்.

எடை குறைந்த வண்டியின் தனித்தன்மைகள்

கொடை வண்டியிலிருந்து இயந்திரத்தையும் அச்சையும் எடுப்பது போல், அதன் சுருள்வில்லையும் தணிப்பானையும் அப்படியே எடுத்துப் பொருத்தினால் என்ன என்ற கேள்வி கட்டுபவர்களிடம் எழுவது இயல்பு. இதற்கான விடையை ஓர் எளிய கணக்கால் அறியலாம். கொடை வண்டியின் பின் மூலையில் சுருள்வில் 250 கிகி தாங்கியதாகவும், சக்கரத்தில் அதன் விறைப்பு 16.7 நியூட்டன்/மிமீ எனவும் கொள்வோம். அங்கு அது 147 மிமீ அமுங்கியிருக்கும். அதே சுருள்வில் கிட் காரில் 120 கிகி மட்டுமே தாங்கினால் 70 மிமீ அளவே அமுங்கும். ஆகவே வண்டியின் பின்பகுதி 76 மிமீ உயர்ந்து நிற்கும். சக்கரம் கீழிறங்க வேண்டிய இடம் பெரும்பாலும் தீர்ந்துபோய், பள்ளம் வரும்போது டயர் சாலையைத் தொடாமல் தொங்கும்.

இரண்டாவது தனித்தன்மை பயணியின் எடை. 1,500 கிகி தானுந்தில் ஒரு பயணி ஏறுவது சிறு மாற்றமே. 550 கிகி வண்டியில் 80 கிகி பயணி ஏறினால் வண்டியின் நிறையில் ஏழில் ஒரு பங்கு கூடுகிறது. செவன் வகை வண்டிகளில் இருக்கைகள் பின்னச்சுக்குச் சற்று முன்னே இருப்பதால், அவ்வெடையின் பெரும்பகுதி பின் சக்கரங்களிலேயே விழும்.

மூன்றாவது தனித்தன்மை தாங்கப்படாத நிறை. சக்கரம், டயர், தடை, அச்சு ஆகியவை சுருள்வில்லுக்குக் கீழே இருப்பதால் இவற்றைச் சுருள்வில் தாங்குவதில்லை. அடிச்சட்டத்தை எடை குறைவாகக் கட்டினாலும், கொடை வண்டியின் இரும்பு அச்சும் சக்கரங்களும் அதே எடையில்தான் இருக்கும். இதனால் தாங்கப்படும் நிறைக்கும் தாங்கப்படாத நிறைக்கும் உள்ள விகிதம் மோசமடைகிறது. மேடேறும் கனமான அச்சு, இலகுவான உடற்பகுதியை எளிதில் அசைத்துவிடும். எடை குறைந்த சக்கரங்களைத் தெரிவு செய்வது, விலையுயர்ந்த தணிப்பான் வாங்குவதைவிடக் கூடுதல் பயன் தருவதற்கு இதுவே காரணம்.

அடிப்படைக் கருத்துகள்

இயல்பு அதிர்வெண்

ஒரு மூலையின் விறைப்புச் சரியானதா என்பதை விறைப்பெண்ணை மட்டும் கொண்டு கூற இயலாது. அது தாங்கும் நிறையோடு சேர்த்தே பார்க்க வேண்டும். இவ்விரண்டையும் இணைப்பது இயல்பு அதிர்வெண் ஆகும். வண்டியை அழுத்திவிட்டால், தணிப்பான் இல்லாத நிலையில் அது ஒரு நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்பதை இது குறிக்கிறது.

சக்கர விறைப்பு (நியூட்டன்/மீ) = 39.48 × (அதிர்வெண்)² × தாங்கப்படும் நிறை (கிகி)

இங்கு 39.48 என்பது ‘பை’ மதிப்பின் இருமடியின் நான்கு மடங்கு. பொதுவாகப் பின்வரும் அளவுகள் வழிகாட்டியாகக் கொள்ளப்படுகின்றன.

சொகுசுத் தானுந்துகள், பொதுவான பயணத் தானுந்துகள்: 1.0 – 1.5 ஹெர்ட்ஸ்
சாலையில் ஓடும் விளையாட்டுத் தானுந்துகள்: 1.5 – 2.0 ஹெர்ட்ஸ்
காற்றழுத்த இறக்கைகள் அற்ற பந்தயத் தானுந்துகள்: 2.0 – 2.5 ஹெர்ட்ஸ்
காற்றழுத்தத்தை மிகுதியாகப் பயன்படுத்தும் பந்தயத் தானுந்துகள்: 3 ஹெர்ட்ஸும் அதற்கு மேலும்

பெரும்பாலும் பொதுச் சாலையில் ஓடும் கிட் காருக்கு 1.5 முதல் 1.9 ஹெர்ட்ஸ் வரை பொருத்தமானது. பந்தய வண்டியின் அளவைச் சாலைக்குத் தெரிவு செய்தால், சீரற்ற தளத்தில் டயர் துள்ளிப் பிடிப்புக் குறைந்து, வண்டியின் வேகம் உண்மையில் குறையவே செய்யும்.

முன்பின் வேறுபாடு

மேடு ஒன்றை முதலில் முன்சக்கரங்களும், சிறிது நேரம் கழித்துப் பின்சக்கரங்களும் கடக்கின்றன. இரு முனைகளும் ஒரே அதிர்வெண்ணில் ஆடினால் அந்தக் காலவேறுபாடு நீடித்து, வண்டி தொட்டில் போல முன்னும் பின்னும் ஆடும். பின்முனையின் அதிர்வெண் சற்றுக் கூடுதலாக இருந்தால், தாமதமாகத் தொடங்கிய அதன் ஆட்டம் முன்முனையை எட்டிப் பிடித்து, ஓரிரு ஆட்டங்களில் வண்டி மட்டமாக மேலும் கீழும் அசையத் தொடங்கும். 1930களில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய இங்கிலாந்துப் பொறியாளர் மாரிஸ் ஓலி இதனைச் சோதனைகள் மூலம் விளக்கினார்.

இயக்க விகிதம்

சக்கரம் ஒரு மில்லிமீட்டர் உயரும்போது தணிப்பான் எத்தனை மில்லிமீட்டர் சுருங்குகிறது என்பதே இயக்க விகிதம். தணிப்பான், முக்கோணக் கையின் நடுப்பகுதியில் சாய்வாகப் பொருத்தப்படும்போது இது ஒன்றுக்குக் குறைவாக இருக்கும். ஒரே சமயத்தில் விசையும் தூரமும் இவ்விகிதத்தால் மாறுவதால், விறைப்பு அதன் இருமடியால் மாறுகிறது.

சக்கர விறைப்பு = சுருள்வில் விறைப்பு × (இயக்க விகிதம்)²

கட்டுபவர்கள் மிகுதியாகத் தவறும் இடம் இதுவே. இருமடியை மறந்து விகிதத்தால் மட்டும் பெருக்கினால், 0.7 விகிதம் கொண்ட வண்டியில் சக்கர விறைப்பு உண்மையில் இருப்பதைவிட 40 விழுக்காட்டுக்கும் மேல் கூடுதலாகக் கணக்கில் தோன்றும். மேலும் சிலர் இவ்விகிதத்தைத் தலைகீழாக, அதாவது சக்கர அசைவைத் தணிப்பான் அசைவால் வகுத்துக் குறிப்பதுண்டு. ஒரு வண்டிக்குரிய எண்ணைப் பிறரிடமிருந்து பெறும்போது எந்த முறை என்பதை உறுதிசெய்ய வேண்டும்.

எடுத்துக்காட்டுக் கணக்கு

எரிபொருளுடன் 550 கிகி நிறையும், பின்புறம் திட அச்சும் கொண்ட இரு இருக்கை வண்டியை எடுத்துக்கொள்வோம். 80 கிகி ஓட்டுநர் அமர்ந்த நிலையில் மொத்தம் 630 கிகி. அதில் முன்னச்சில் 300 கிகி, பின்னச்சில் 330 கிகி என எடைபார்த்து அறிந்ததாகக் கொள்வோம்.

படி 1: தாங்கப்படும் நிறை

முன் மூலை ஒன்றில் 150 கிகி. அதில் சக்கரம், தடை முதலியவை 25 கிகி எனில், தாங்கப்படும் நிறை 125 கிகி.
பின் மூலை ஒன்றில் 165 கிகி. அதில் சக்கரமும் அச்சின் பாதியும் 45 கிகி எனில், தாங்கப்படும் நிறை 120 கிகி.

படி 2: சக்கர விறைப்பு

முன்னே 1.6 ஹெர்ட்ஸ், பின்னே 1.8 ஹெர்ட்ஸ் எனத் தெரிவு செய்தால்:

முன்: 39.48 × 1.6² × 125 = 12,630 நியூட்டன்/மீ, அதாவது 12.6 நியூட்டன்/மிமீ
பின்: 39.48 × 1.8² × 120 = 15,350 நியூட்டன்/மீ, அதாவது 15.3 நியூட்டன்/மிமீ

படி 3: இயக்க விகிதம்

முன்புறக் கீழ்க்கையின் நீளம் 300 மிமீ. தணிப்பான் அதன் உள்முனையிலிருந்து 240 மிமீ தொலைவில் பொருத்தப்பட்டு, செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்துள்ளது. விகிதம் 0.8 × கோசைன் 30 = 0.69, இருமடி 0.48.
பின்புறம் தணிப்பான் நேரடியாக அச்சில், 10 பாகைச் சாய்வில் உள்ளது. விகிதம் 0.985, இருமடி 0.97.

படி 4: சுருள்வில் விறைப்பு

முன்: 12.6 ÷ 0.48 = ஏறத்தாழ 26.3 நியூட்டன்/மிமீ, அதாவது 150 பவுண்டு/அங்குலம்
பின்: 15.3 ÷ 0.97 = ஏறத்தாழ 15.8 நியூட்டன்/மிமீ, அதாவது 90 பவுண்டு/அங்குலம்

பின்முனைக்குக் கூடுதல் அதிர்வெண் கேட்டபோதும், வாங்க வேண்டிய சுருள்வில் முன்பக்கத்தைவிட மென்மையானதாக அமைவது கவனிக்கத்தக்கது. இயக்க விகிதமே இதற்குக் காரணம்.

படி 5: பயணியுடன் சரிபார்த்தல்

80 கிகி பயணியின் எடையில் 70% பின்னச்சில் விழுவதாகக் கொண்டால், பின் மூலை ஒவ்வொன்றிலும் 28 கிகி கூடும். பின்பகுதி 18 மிமீ தாழ்ந்து, அதன் அதிர்வெண் 1.8 இலிருந்து 1.62 ஹெர்ட்ஸாகக் குறையும். முன்பகுதி 9 மிமீ தாழ்ந்து 1.53 ஹெர்ட்ஸாகும். பின்முனையின் அதிர்வெண் இன்னும் சற்றுக் கூடுதலாகவே இருப்பதால் இத்தெரிவு ஏற்கத்தக்கது. தொடக்கத்தில் இரு முனைகளுக்கும் 1.6 ஹெர்ட்ஸ் என்றே தெரிவு செய்திருந்தால், பயணி ஏறியதும் பின்முனை முன்முனையைவிட மெதுவாக ஆடத் தொடங்கியிருக்கும்.

படி 6: திட அச்சுக்கான கூடுதல் கவனம்

திட அச்சில் இரு சக்கரங்களும் ஒன்றாக உயரும்போதே மேற்கண்ட கணக்குப் பொருந்தும். வளைவில் வண்டி சாயும்போது, சுருள்வில்கள் சக்கரங்களுக்கு உட்புறமாக இருப்பதால் அவற்றின் பயன் குறைகிறது. சுருள்வில்களுக்கு இடைப்பட்ட அகலம் 0.9 மீ, சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலம் 1.3 மீ எனில், சாய்வை எதிர்க்கும் விறைப்பு (0.9 ÷ 1.3)² = 0.48 மடங்கே. எனவே சாய்வு கூடுதலாகத் தோன்றினால் அதனைச் சுருள்வில்லால் மட்டும் குறைக்க முயலாமல், சாய்வுத் தடுப்புத் தண்டு பொருத்துவதையும் கருத வேண்டும்.

சுருள்வில்லின் நீளமும் விட்டமும்

விறைப்பு முடிவானபின், சுருள்வில் கிடைக்கும் இடத்தில் அடங்குமா, முழு அசைவையும் தாங்குமா எனப் பார்க்க வேண்டும். மேற்கண்ட வண்டியின் முன்சக்கரம் நிற்கும் நிலையிலிருந்து 70 மிமீ மேலேயும் 55 மிமீ கீழேயும் அசைய வேண்டும் எனக் கொள்வோம்.

நிற்கும் நிலையில் சுருள்வில்லின் அமுக்கம்: 67 மிமீ
சக்கரம் முழுவதும் மேலேறும்போது கூடுதல் அமுக்கம்: 70 × 0.69 = 48 மிமீ; மொத்தம் ஏறத்தாழ 116 மிமீ
சக்கரம் முழுவதும் தொங்கும்போது எஞ்சும் அமுக்கம்: 67 − 38 = 29 மிமீ
தணிப்பானுக்குத் தேவையான குறைந்த அளவு ஓட்டம்: 125 × 0.69 = ஏறத்தாழ 87 மிமீ

சக்கரம் தொங்கும்போதும் சுருள்வில்லில் சிறிதளவு அமுக்கம் எஞ்சியிருக்க வேண்டும். இல்லையெனில் அது தன் இருக்கையை விட்டு நகர்ந்து, சக்கரம் மீண்டும் இறங்கும்போது கோணலாக அமரலாம். அதுபோல் முழு அமுக்கத்திலும் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டிவிடக் கூடாது. அவ்வாறு முட்டினால் விறைப்பு திடீரென மிகப் பெரிதாகி, அந்த அடி முழுவதும் அடிச்சட்டத்துக்குச் செல்லும். 254 மிமீ நீளமும், 57 மிமீ உள்விட்டமும், 9 மிமீ கம்பியும், ஏறத்தாழ 8.6 செயற்படும் சுற்றுகளும் கொண்ட எஃகுச் சுருள்வில் இங்கு வேண்டிய விறைப்பைத் தரும். அதன் சுற்றுகள் முட்டும் நீளம் ஏறத்தாழ 95 மிமீ ஆதலால், கிடைக்கும் 159 மிமீ அமுக்கம் தேவையான 116 மில்லிமீட்டரை விடப் போதிய அளவு கூடுதலாக உள்ளது.

கிட் கார்களுக்கான சுருள்வில்கள் பொதுவாக 1.9, 2.25, 2.5 அங்குல உள்விட்டங்களில் கிடைக்கின்றன. தணிப்பானின் இருக்கைத் தட்டுக்குப் பொருந்தும் விட்டத்தையே வாங்க வேண்டும். பரவலாகக் கிடைக்கும் விட்டத்தைத் தெரிவு செய்தால், பின்னாளில் வேறு விறைப்புள்ள சுருள்வில்லை மட்டும் வாங்கி மாற்றுவது எளிது.

அதிர்வுத் தணிப்பானின் தெரிவு

அழுத்திவிட்ட வண்டி ஒருமுறைகூட எதிர்ப்பக்கம் ஆடாமல், இயன்ற விரைவில் தன் நிலைக்குத் திரும்பத் தேவையான தணிப்பு, மாறுநிலைத் தணிப்பு எனப்படும். உண்மையில் உள்ள தணிப்பு அதில் எத்தனை பங்கு என்பதே தணிப்பு விகிதம். பயணத் தானுந்துகளில் இது 0.2 முதல் 0.4 வரையிலும், பந்தயப் பயன்பாட்டில் 0.5 முதல் 0.7 வரையிலும் இருப்பது வழக்கம்.

மாறுநிலைத் தணிப்பு = 2 × √(சக்கர விறைப்பு × தாங்கப்படும் நிறை)

நமது எடுத்துக்காட்டில் இது முன்னே ஏறத்தாழ 2,510, பின்னே 2,710 நியூட்டன்-நொடி/மீ ஆகும். விகிதம் 0.35 எனில் சக்கரத்தில் முறையே 880, 950 நியூட்டன்-நொடி/மீ தேவை. சுருள்வில்லுக்குச் செய்தது போலவே இயக்க விகிதத்தின் இருமடியால் வகுத்தால், தணிப்பானில் முன்னே ஏறத்தாழ 1,830, பின்னே 980 நியூட்டன்-நொடி/மீ தேவைப்படும்.

முன் தணிப்பானுக்குத் தேவையானதில் ஏறத்தாழ பாதியே பின் தணிப்பானுக்குப் போதும் என்பது இதிலிருந்து தெரிகிறது. நான்கு மூலைகளுக்கும் ஒரே தணிப்பானை வாங்கி, முன்பக்கத்துக்கு ஏற்றவாறு அமைத்தால், பின்பக்கத் தணிப்பு விகிதம் 0.65 ஐத் தாண்டும். அத்தகைய வண்டியின் பின்பகுதி ஒவ்வொரு சிறு மேட்டிலும் உதைக்கும். ஈரச் சாலையில் பின்சக்கரம் எளிதில் வழுக்கும்.

தணிப்பான் சுருங்கும்போதும் விரியும்போதும் ஒரே அளவு தடை தருவதில்லை. சுருங்கும்போது தடை மிகுந்தால் மேட்டின் அடி நேராக உடற்பகுதிக்குச் செல்லும். ஆகையால் விரியும் திசையில் ஏறத்தாழ இரு மடங்கோ அதற்குச் சற்று மேலோ தடை தருமாறு வால்வுகள் அமைக்கப்படுகின்றன. எடுத்துக்காட்டு வண்டியின் முன் தணிப்பான், நொடிக்கு 0.1 மீ வேகத்தில் சுருங்கும்போது ஏறத்தாழ 120 நியூட்டனும், விரியும்போது 240 நியூட்டனும் தர வேண்டும். விற்பனையாளர் தரும் விசை-வேக வரைபடத்தில் இந்த எண்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். வரைபடம் தர இயலாத விற்பனையாளரிடம், வண்டியின் மூலை எடை, இயக்க விகிதம், சுருள்வில் விறைப்பு ஆகியவற்றைக் கொடுத்து அதற்கேற்ப வால்வு அமைத்துத் தருமாறு கேட்பது நல்லது.

திருகிச் சரிசெய்யும் தணிப்பான்கள் பயனுடையவை. ஆனால் பெரும்பாலான ஒற்றைத் திருகு வகைகளில், திருகு விரியும் திசையின் தடையையே பெரிதும் மாற்றுகிறது. மிகக் கனமான வண்டிக்கு அமைக்கப்பட்ட தணிப்பானை, திருகைக் கடைசிவரை தளர்த்தினாலும் இலகுவான வண்டிக்கு ஏற்றதாக்க முடியாமல் போகலாம்.

பொதுவான தவறான கருத்துகள்

வளையத்தைத் திருகினால் சுருள்வில் விறைக்கும் என்பது: சீரான சுருள்வில்லில் இது தவறு. வளையத்தை மேலே திருகினால் வண்டி உயரும், விறைப்பு மாறாது.

விறைப்பான வண்டியே வளைவில் வேகமாகச் செல்லும் என்பது: வழுவழுப்பான பந்தயத் தளத்தில் ஓரளவு உண்மை. சாலையில், டயர் தளத்தைத் தொடர்ந்து தொட்டுக்கொண்டிருப்பதே பிடிப்பைத் தரும்.

மென்மையான சுருள்வில்லைக் கடினமான தணிப்பானால் ஈடுசெய்யலாம் என்பது: தொடர் மேடுகளில், அமுங்கிய சுருள்வில் விரிவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். வண்டி சிறிது சிறிதாகத் தாழ்ந்து இரப்பர் தடுப்பில் முட்டும்.

அதே வகை வண்டி வைத்திருக்கும் நண்பரின் சுருள்வில் எண் தனக்கும் பொருந்தும் என்பது: தணிப்பான் பொருத்தப்பட்ட புள்ளி சில சென்டிமீட்டர் வேறுபட்டாலே இயக்க விகிதம் மாறி, சக்கர விறைப்பு வெகுவாக மாறிவிடும்.

பொருத்திய பின் சரிபார்த்தல்

கணக்கு நல்ல தொடக்கத்தையே தருகிறது. வண்டி சாலைக்கு வருமுன் கீழ்க்கண்டவை சரிபார்க்கப்பட வேண்டும்.

1. சுருள்வில்லைக் கழற்றிய நிலையில், சக்கரத்தை முழு மேல்நிலையிலிருந்து முழு கீழ்நிலை வரை அசைத்து, எந்தப் பாகமும் உரசாததையும், பந்து மூட்டுகள் பிணங்காததையும் பார்த்தல். திருப்பியின் இரு எல்லைகளிலும் இதைச் செய்ய வேண்டும். தடைக் குழாய்கள் இழுபடக் கூடாது.
2. இதே அசைவை அளந்து, கணக்கிட்ட இயக்க விகிதத்தை உறுதிசெய்தல்.
3. தணிப்பானின் உள்ளே பிஸ்டன் முட்டுவதற்கு முன் இரப்பர் தடுப்பு அமுங்குகிறதா எனப் பார்த்தல்.
4. ஓட்டுநர் இருக்கையில் அவரது எடைக்கு ஈடான சுமையை வைத்து, நான்கு சக்கரங்களையும் தனித்தனி எடைமேடைகளில் நிறுத்தி, உயரத்தையும் மூலை எடைகளையும் சரிசெய்தல். குறுக்கு மூலைகளின் எடை பெரிதும் வேறுபட்டால், கடுமையாகத் தடை போடும்போது வண்டி ஒருபுறம் இழுக்கும்.
5. டயர் அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுதல். இலகுவான வண்டிக்குக் கொடை வண்டியின் அழுத்தம் பெரும்பாலும் மிகுதியாக இருக்கும். மிகுந்த அழுத்தத்தால் வரும் குலுக்கலைச் சுருள்வில்லின் குறையாகக் கருதிவிட வாய்ப்புண்டு.
6. தணிப்பான் தண்டில் ஓர் இரப்பர் வளையத்தை மாட்டி ஓட்டிப் பார்த்தல். பயணத்தின் முடிவில் வளையம் நிற்கும் இடம், எவ்வளவு அசைவு பயன்பட்டது என்பதைக் காட்டும்.
7. தணிப்பை மிகக் குறைந்த அளவிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்து, அதே சாலையில் ஓட்டிக் குறிப்பெடுத்தல்.

அமுங்கிய சுருள்வில்லில் மிகுந்த ஆற்றல் அடங்கியுள்ளது. அதைக் கழற்றும்போதும் பொருத்தும்போதும் உரிய அமுக்கிக் கருவியைப் பயன்படுத்த வேண்டும். தணிப்பானின் தலைத்திருகை, சுருள்வில் அமுங்கிய நிலையில் கழற்றுவது உயிருக்கே தீங்காகலாம்.

இவற்றையும் பார்க்கவும்

ஹூக்கின் விதி
சீரிசை இயக்கம்
பட்டைவில்
தானுந்து
டயர்